உடைய வேண்டியது உடையட்டும்

கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு குதிரையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சிப்காட்டில் கம்பி உருட்டும் மில்கள் இருக்கின்றன, ஃபர்னஸ்கள் இருக்கின்றன, கொல்கத்தா நெடுஞ்சாலையில் ராத்திரி பகல் பாராமல் லாரிகள் போகின்றன. குதிரையை நாங்கள் பார்ப்பது மாப்பிள்ளை ஊர்வலத்தில்தான். ஆனாலும் ஈவெண்டிங் என்கிற குதிரை விளையாட்டின் பழைய கதைகளைப் படிக்கப் படிக்க, ரோலிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிற எனக்கு அது வேற்று உலகமாகவே படவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தபோது பெங்களூரு ஃபவாத் மிர்சாவை டிவியில் காட்டினார்கள் இல்லையா, அந்த விளையாட்டுதான். ஒரே ஆள், ஒரே குதிரை, மூன்று சோதனை. முதலில் டிரெஸ்ஸாஜ்: செவ்வகக் களத்துக்குள் குதிரை சொன்ன பேச்சைக் கேட்டு அழகாக நடக்க வேண்டும். கடைசியில் ஷோ ஜம்பிங்: வண்ணக் கட்டைகளைத் தட்டாமல் தாண்ட வேண்டும். இவை இரண்டுக்கும் நடுவில் வருவது கிராஸ் கன்ட்ரி. திறந்த வெளியில், மேடும் பள்ளமும் தண்ணீரும் மரமுமாக இருக்கிற நிலத்தில், மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே தடுப்புகளைத் தாண்ட வேண்டும். ஷோ ஜம்பிங் கட்டை கால் பட்டால் கீழே விழும். கிராஸ் கன்ட்ரி தடுப்பு அப்படி லேசில் விழாது. தரையில் ஊன்றிய முழு மரம், கல் சுவர், மண்மேடு. உயரம் 1.20 மீட்டர்தான். ஆனால் அது நகராது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பிறப்பால் இது பட்டாளத்து விளையாட்டு. அணிவகுப்பில் அடங்கி நிற்கிற குதிரை, சண்டையில் காடு மேடு பார்க்காமல் ஓடுமா? ஓடிய மறுநாளும் வேலைக்கு நிற்குமா? இதைச் சோதிக்கத்தான் குதிரைப்படைகள் இப்படி ஒரு போட்டி வைத்தன. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்தார்கள். வெகுகாலம் ராணுவ அதிகாரிகள் மட்டுமே கலந்துகொள்ள முடிந்தது. பட்டாளத்துப் புத்தி அதன் எலும்பிலேயே ஊறிவிட்டது. விழுந்தால் எழுந்திரு, எலும்பு முறிந்தாலும் சேணத்தில் ஏறு, அணியைக் கைவிடாதே. அந்தக் காலத்தில் கிராஸ் கன்ட்ரி நாள் என்றால் தடுப்பு தாண்டுவது மட்டும் கிடையாது. முதலில் பல கிலோமீட்டர் சாலை ஓட்டம், பிறகு வேகப் பாய்ச்சல், மறுபடி சாலை ஓட்டம், பத்து நிமிஷம் கால்நடை மருத்துவர் பார்வை, அதற்குப் பிறகுதான் முக்கியமான தடம். எல்லாம் சேர்ந்து 20 கிலோமீட்டரைத் தாண்டும். களைத்துப்போன குதிரைதான் நகராத மரத்தைத் தாண்டியது.

1936 பெர்லினில் நான்காவது தடுப்பு ஒரு குளம். கட்டையைத் தாண்டித் தண்ணீருக்குள் குதிக்க வேண்டும். அடியில் எவ்வளவு ஆழம், சேறு எப்படி என்று குதித்த பிறகுதான் குதிரைக்குத் தெரிந்தது. வரிசையாக விழுந்தார்கள். ஜெர்மனியின் லெப்டினன்ட் கொன்ராட் ஃபொன் வாங்கன்ஹைமும் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. ஓர் அணியில் மூன்று பேர், மூவரும் முடித்தால்தான் கணக்கு. எனவே திரும்ப ஏறி, மீதித் தடுப்பு அத்தனையும் தாண்டி முடித்தார். மறுநாள் ஷோ ஜம்பிங்குக்குக் கையைத் தூக்குக்கட்டில் போட்டுக்கொண்டு வந்து, களத்துக்குள் நுழையும்போது கட்டை அவிழ்த்துவிட்டார். நடுவில் குர்ஃபுர்ஸ்ட் என்கிற அந்தக் குதிரை அவரோடு சேர்ந்து சாய்ந்தது. மறுபடியும் எழுந்து, மறுபடியும் ஏறி முடித்தார். ஜெர்மனிக்கு அணித் தங்கம். அந்தப் போட்டியில் குதிரைகளும் செத்தன. தங்கத்தின் கதையைச் சொல்கிறவர்கள் அதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஆஸ்திரேலியாவின் பில் ராய்கிராஃப்ட். 1960 ரோம் ஒலிம்பிக். அவருக்கு அப்போது 45 வயது. அந்தத் தடத்தில் பெரிய சிமெண்ட் குழாய்களை வரிசையாக வைத்து ஒரு தடுப்பு செய்திருந்தார்கள். அவர் சோலோ (Our Solo) என்கிற அவருடைய குதிரை அங்கே விழுந்தது, இவரும் அதோடு போனார். எழுந்து ஏறித் தடத்தை முடித்தார். அதற்குப் பிறகுதான் ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதற்குள் இன்னோர் ஆஸ்திரேலியக் குதிரைக்குக் கால் பிசகிவிட்டது. மறுநாள் ராய்கிராஃப்ட் வராவிட்டால் அணியே கிடையாது. டாக்டர்கள் வேண்டாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. மருத்துவமனையை விட்டு வந்தார், தூக்கித்தான் குதிரைமேல் உட்காரவைத்தார்கள், ஒரு கட்டையைக்கூடத் தட்டாமல் சுற்றை முடித்தார். ஆஸ்திரேலியா தங்கம் வென்றது. இதோடு ஓய்ந்துவிட்டாரா என்றால் இல்லை. 1976 மான்ட்ரியல் வரை ஒலிம்பிக்குக்கு வந்துகொண்டே இருந்தார். 61 வயதில் மகனோடு ஒரே அணியில் நின்று வெண்கலம் வாங்கினார்.

பெண்களுக்கு இது தாங்காது என்று 1964 வரை ஒலிம்பிக் ஈவெண்டிங்கில் சேர்க்கவே இல்லை. அந்த வருஷம் அமெரிக்காவின் லானா டு பான்ட் முதல் பெண்ணாகக் களம் இறங்கினார். ஜப்பானில் மழை, சேறு. இரண்டு முறை குதிரையோடு விழுந்தார், இரண்டு முறையும் ஏறினார், முடித்தார். அணிக்கு வெள்ளி. நான்கு வருஷம் கழித்து மெக்சிகோவில் ஜேன் புல்லன் என்கிற லண்டன் ஆஸ்பத்திரி நர்ஸ், அவர் நாபி (Our Nobby) என்கிற சின்னக் குதிரையோடு வந்து, அவரும் இரண்டு முறை விழுந்து எழுந்து, பிரிட்டன் அணியோடு தங்கம் வாங்கினார். தாங்குமா தாங்காதா என்ற பேச்சு அதோடு முடிந்தது.

அந்த மெக்சிகோ கிராஸ் கன்ட்ரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவாந்தாரோ என்கிற மலைப்பகுதி. காலையில் ஓடியவர்களுக்குக் காய்ந்த தரை. மதியத்துக்கு மேல் வானம் கொட்டித் தீர்த்தது. தடத்தின் குறுக்கே ஓடிய ஓடை ஆறாகிவிட்டது. தாண்ட வேண்டிய தடுப்பு தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. எங்கே கட்டை இருக்கிறது என்று தெரியாமலே குதித்தார்கள். போட்டியை நிறுத்தவில்லை. அன்றைக்கு இரண்டு குதிரைகள் செத்தன. பின்னால் ஓடி முடித்தவர்களின் துணிச்சலில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. நிறுத்தாமல் விட்ட நிர்வாகிகளை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் கையில் கொடி இருந்தது. அதைத் தூக்கவில்லை.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். கிராஸ் கன்ட்ரிக்கு மிக நெருங்கிய உறவு என்று தமிழ்நாட்டில் தேடினால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, பிறகு வெலிங்டன் ராணுவ ஸ்டாஃப் காலேஜ் கையில் வந்த ஊட்டி ஹண்ட். வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நாய்க்கூட்டத்தோடு நரியைத் துரத்திக் குதிரையில் பாய்ந்தார்கள். சினிமாப் பாட்டுக்கு அழகாக இருக்கிற அந்தப் புல்மேடுகள் குதிரைக்கு லேசான தரை இல்லை. இறக்கத்தின் அடியில் சோலைக்காடு, புல்லுக்குக் கீழே காலை இழுக்கிற சதுப்பு. குதிரையேற்றம் கற்ற ராணுவத்தாருக்கு அது பாடசாலையாகவே இருந்தது.

குதிரை இல்லாவிட்டாலும், எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு என்று ஒரு வீரக் கதை உண்டென்றால் அது சோழவரம். இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம். 1950-களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், பைக் ரேஸ் நடத்தியது. ரேஸுக்கென்று கட்டிய தடம் இல்லை அது, விமானம் இறங்கப் போட்ட கான்கிரீட். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சோழவரம் ரேஸ் என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள், அவ்வளவு ஜனம் போயிருக்கிறது. 1990-ல் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குப் போய்விட்டது. அங்கே வளைவுகளை யோசித்துப் போட்டார்கள், வண்டி தடம் மாறினால் போய் நிற்க இடம் விட்டார்கள். அதனால் ஓட்டுகிறவர்களின் வீரம் குறைந்துவிட்டதாக இந்தப் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இனி நம் நாட்டு ஈவெண்டிங். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இந்தியா நான்கு பேர் கொண்ட அணியை அனுப்பியது. நால்வரில் ஒருவராலும் போட்டியை முடிக்க முடியவில்லை. ஐரோப்பியத் தடத்தின் அளவு வேறு, நம் குதிரைகள் பழகிய தடுப்பு வேறு. ஆனால் அடுத்த இரண்டே வருஷத்தில் டெல்லியில் ஆசிய விளையாட்டு. குதிரையேற்றத்தை முதன்முதலாகச் சேர்த்தது அப்போதுதான். 61-ஆவது குதிரைப்படையைச் சேர்ந்த ரகுபீர் சிங், ராஜஸ்தானின் சீகர் பக்கத்துக்காரர், ஷாஜாதா என்கிற குதிரையோடு வந்தார். தனிநபர் ஈவெண்டிங் தங்கம். வெள்ளி குலாம் முகமது கானுக்கு, வெண்கலம் பிரகலாத் சிங்குக்கு. மூன்று பதக்கமும் இந்தியாவுக்கு. அணித் தங்கமும் நமக்கே. டென்ட் பெகிங் என்கிற இன்னொரு குதிரை விளையாட்டில் ருபிந்தர் சிங் பிராரின் தங்கத்தையும் சேர்த்தால், அந்த ஆசிய விளையாட்டில் இந்தியா வாங்கிய 13 தங்கத்தில் மூன்று குதிரை முதுகில் வந்தவை.

அந்த 1982-ஐ நினைத்தால் எல்லோருக்கும் பி.டி. உஷாவின் இரண்டு வெள்ளியும், ஹாக்கி இறுதியில் பாகிஸ்தானிடம் வாங்கிய அடியும், புதிதாக வந்த கலர் டிவியும் ஞாபகத்துக்கு வரும். ரகுபீர் சிங்கை எத்தனை பேருக்குத் தெரியும்? அர்ஜுனா விருது கொடுத்தார்கள், 1983-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அதோடு மறந்துவிட்டார்கள். அதிகாரிகளும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் ஆடுகிற ஆட்டம் இது என்று ஒரு நினைப்பு உண்டு. ரகுபீர் சிங்கோ பட்டாளத்தில் சிப்பாய் வரிசையிலிருந்து வந்தவர். குதிரைக்குத் தீனி வைப்பதும் லாயத்தைப் பார்ப்பதும் அவருக்குத் தினப்படி வேலை. அப்படிப்பட்டவர் நகராத தடுப்புகளைத் தாண்டி ஆசியாவின் முதல் ஈவெண்டிங் சாம்பியன் ஆனார். பள்ளிப் பாடத்தில் நான்கு வரி இவருக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, இப்போது நகராத தடுப்புக்கு வருகிறேன்.

ஈவெண்டிங்கில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஒரே வகை விழுகை. குதிரை தாண்டும்போது முன்னங்காலின் மேல்பகுதி, முழங்காலுக்கு மேலே, மரத்தில் மாட்டிக்கொள்கிறது. மரம் நகராது. வேகம் அப்படியே இருக்கிறது. எனவே குதிரையின் உடம்பு அந்த மரத்தை அச்சாக வைத்து முன்பக்கமாகச் சுழல்கிறது. பின்பக்கம் மேலே எழும்பி, தலைகீழாகி, முதுகு தரையை நோக்கி வருகிறது. சவாரி செய்பவர் அதற்கு முன்பே அங்கே விழுந்து கிடக்கிறார். அவர்மேல் சுமார் 500 கிலோ வந்து இறங்குகிறது. மிக வேகத்தில் நடக்கிறது என்பதுகூட இல்லை, சில சமயம் நிதானமாகவே நடக்கிறது. பக்கவாட்டில் தூக்கியெறியப்பட்டால் ஒருவர் எலும்பு முறிவோடு தப்பலாம். இதில் தப்பிப்பது அதிர்ஷ்டம். ஹெல்மெட் போட்டாலும் மார்புக் கவசம் போட்டாலும் இந்தப் பாரத்துக்கு முன்னால் பெரிதாக உதவாது. பழைய படங்களைப் பாருங்கள், தாடைப்பட்டிகூட இல்லாத தொப்பியோடுதான் ஓடியிருக்கிறார்கள்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஷியர் பின்தான் ஞாபகம் வந்தது.

ரோலிங் மில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஃபர்னஸில் சிவக்கக் காய்ந்த பில்லட் என்கிற எஃகுக் கட்டையை உருளைகளுக்கு நடுவில் விட்டு விட்டு எடுத்தால் அது மெலிந்து மெலிந்து கம்பியாகும். பெரிய மோட்டார், அதற்கடுத்து கியர் பாக்ஸ், அதற்கடுத்து கப்ளிங், கடைசியில் உருளை. பில்லட்டின் நுனி கொஞ்சம் ஆறிப்போய் உள்ளே நுழைந்தால் உருளை திணறும். மோட்டார் விடாது, தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சுமை எங்கேயாவது போயாக வேண்டும். அதற்காகவே கப்ளிங்கில் ஒரு சின்ன பின் வைத்திருப்போம். நடுவில் கழுத்துப்போல ஒரு வெட்டு. சுமை அளவைத் தாண்டினால் அந்தக் கழுத்தில் அது அறுந்துவிடும். மில் நிற்கும், கியர் பிழைக்கும், ஆள் பிழைப்பான். அறுந்த பின்னைக் கையில் எடுத்துப் பார்த்தால் வெட்டின இடம் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கும். விரலால் தடவினால் மெல்லிய மணல்போல உறுத்தும். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தத் துண்டுக்கு அடுத்த துண்டை மாட்டக் கொஞ்ச நேரம் போதும்.

ஆனால் அந்தக் கொஞ்ச நேரம்கூடப் பொறுக்காத இடங்கள் உண்டு. ஒரு மில்லில் பின் அடிக்கடி அறுகிறது என்று அதை எடுத்துவிட்டு ஹை டென்சைல் போல்ட் போட்டிருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது அங்கிருந்த ஃபோர்மேன் பெருமையாகவே சொன்னார்.

"போல்ட் போட்டதுலேர்ந்து ஒரு நிறுத்தம் இல்ல சார். புரொடக்‌ஷன் பாருங்க, எப்படி ஏறியிருக்கு."

"இப்ப லோடு வந்தா எது உடையும் அண்ணே?"

"ஒண்ணும் உடையாது சார். நல்ல போல்ட்டு."

ஆறிப்போன பில்லட் ஒன்று ஒரு நாள் உள்ளே போனது. போல்ட் உடையவில்லை. கியர் பல் நொறுங்கியது, கப்ளிங் துண்டு ஒன்று ஷெட்டின் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது. ஆட்கள் டீக்குப் போயிருந்த நேரம் அது. அதனால் உயிர்ச்சேதம் இல்லை. அந்தத் தகரத்தில் விழுந்த ஓட்டையை நான் கண்ணால் பார்த்தேன். ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

கிராஸ் கன்ட்ரியின் நகராத மரம் அந்தப் போல்ட்தான். எங்கேயும் உடையாமல் வைத்துவிட்டால், உடைவது குதிரையின் கழுத்தாகவோ மேலே இருப்பவரின் நெஞ்சாகவோ இருக்கும். 1912-லிருந்து கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் இந்த விளையாட்டு அப்படித்தான் ஓடியது. விழுந்தவர் எழுந்தால் வீரன் என்றார்கள், எழாவிட்டால் இதுதான் இந்த ஆட்டம், தெரிந்துதானே வந்தார் என்றார்கள்.

1999-ல் பிரிட்டனில் மட்டும் ஒரே பருவத்தில் ஐந்து பேர் செத்தார்கள். அனுபவசாலிகளும் அதில் அடக்கம். அப்போதுதான் கண் திறந்தது. ஹார்ட்டிங்டன் பிரபு தலைமையில் சர்வதேசக் குழு ஒன்று போட்டு, 2000-ல் அறிக்கை கொடுத்தார்கள். அதன் சாரம் மிக எளிது: எல்லா முயற்சியும் குதிரை விழாமல் இருப்பதை நோக்கியே இருக்க வேண்டும். விழுந்த பிறகு ஆளுக்கு என்ன கவசம் என்பதை அப்புறம் பேசலாம். சாலை விபத்துகளை ஆராய்கிற பிரிட்டிஷ் ஆய்வுக்கூடத்தின் பொறியாளர்கள் விழுகைகளை அளந்து பார்த்தார்கள். 2002 வாக்கில் தடுப்புகளுக்கு உடையும் பின் வந்தது. மரத்தை முளைக்கம்பத்தில் உலோகப் பின்னைக் கொண்டு தொங்கவிடுவார்கள். குதிரையின் கால் லேசாகத் தட்டினால் ஒன்றும் ஆகாது. சுழலும் அளவுக்குப் பாரம் ஏறினால் பின் அறுந்து மரம் கீழே இறங்கிவிடும். அச்சு போய்விட்டால் சுழற்சி ஏது? முதலில் வந்த பின் மேலிருந்து கீழே அழுத்தும் பாரத்துக்குத்தான் உடைந்தது. பிறகு முன்னாலிருந்து தள்ளும் பாரத்துக்கும் உடைகிற வகைகள் வந்தன, ஸ்வீடன்காரர்களின் மிம் கிளிப் உட்பட. வேண்டுமென்றே அதில் மோதிவிட்டுப் போகாதிருக்க, உடைந்தால் 11 புள்ளி அபராதம்.

யோசித்துப் பாருங்கள். ஷியர் பின் தொழிற்சாலைகளில் எவ்வளவு பழைய விஷயம்! இயந்திரத்தின் ஓடும் பாகங்களைச் சுற்றி வேலி போட்டே தீர வேண்டும் என்று நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆவது பிரிவில் 1948-லேயே சொன்னது. அறிவு இல்லாமல் இல்லை. கிராஸ் கன்ட்ரி தடத்துக்கு அதைக் கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லை. காரணம், அங்கே எல்லோரும் வீரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். உடையும் பின் வந்தபோதும் எதிர்ப்பு வந்தது. தடுப்பு உடையும் என்று தெரிந்தால் ஓட்டுகிறவன் அசட்டையாகிவிடுவான், விளையாட்டின் ஜீவனே போய்விடும் என்றார்கள். பின்னை எடுத்துவிட்டுப் போல்ட் போட்ட ஃபோர்மேனுக்கும் இவர்களுக்கும் நான் வித்தியாசம் பார்க்கவில்லை.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலிருந்து நீண்ட சாலை ஓட்டங்களையும் வேகப் பாய்ச்சலையும் எடுத்துவிட்டார்கள். இதைப் பற்றி இன்றுவரை சண்டை ஓயவில்லை. அந்த ஓட்டங்கள் குதிரையைப் பதப்படுத்தின, அவை போனதும் வேகமும் அவசரமும் கூடிவிட்டன என்று பழைய ஆட்கள் வருத்தப்படுகிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் படுகிறது. இன்னொரு மாற்றத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இப்போது கிராஸ் கன்ட்ரியில் விழுந்தால் ஆட்டம் அதோடு முடிந்தது, மறுபடி ஏற அனுமதி இல்லை. 1976 மான்ட்ரியலில் பிரிட்டன் இளவரசி ஆன் விழுந்து, தலையில் அடிபட்டு, மறுபடி ஏறி முடித்தார். எப்படி முடித்தார் என்பதே அவருக்கு நினைவில்லை. அன்றைக்கு அதை மெச்சினார்கள். நினைவு தப்பியவரை 500 கிலோ மிருகத்தின்மேல் ஏற்றி மரத்தை நோக்கி அனுப்புவதை இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ராய்கிராஃப்டின் கதை இனிமேல் நடக்காது. எனக்குப் பிடித்த வீரர்தான், ஆனாலும் நடக்காமல் இருப்பதே நல்லது.

குதிரையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வாங்கன்ஹைமும் ராய்கிராஃப்டும் ரகுபீர் சிங்கும் தெரிந்தே ஏறியவர்கள். குதிரையை யாரும் கேட்கவில்லை. மேலே இருக்கிறவர்மேல் வைத்த நம்பிக்கையில்தான் அது ஆழம் தெரியாத குளத்தில் குதிக்கிறது. மில்லிலும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கான்ட்ராக்டர் கூட்டி வந்த பையன்கள், பழைய மில்களில் சிவந்த கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குத் திருப்பிவிடுகிறவர்கள். கம்பி தடம் மாறினால் பாம்புபோலச் சுருண்டு ஆள்மேல் பாயும். "பையன் தைரியசாலி சார், பயமே கிடையாது" என்று சூப்பர்வைசர்கள் பாராட்டுவார்கள். அவன் காலில் இருப்பது ரப்பர் செருப்பு. முதலில் ஒரு ஷூ வாங்கிக் கொடுங்கள், கம்பிக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு தடுப்பு போடுங்கள், பாராட்டை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உடையும் பின் வந்த பிறகும் ஈவெண்டிங்கில் சாவு நின்றுவிடவில்லை. டோக்கியோவில், ஃபவாத் மிர்சா ஓடிய அதே தடத்தில், ஜெட் செட் என்கிற சுவிஸ் குதிரைக்குக் காலில் தசைநார் அறுந்து, அதைக் கருணைக்கொலை செய்தார்கள். தடுப்பில் மோதி இல்லை, ஓடும்போதே அறுந்தது. எல்லாவற்றையும் ஒரு பின்னைக் கொண்டு தடுத்துவிட முடியாது. ஆனால் தடுக்க முடிந்ததைத் தடுக்காமல் விட்ட காலத்துக்கும் இதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. ஃபவாத் அந்தப் போட்டியில் சென்யோர் மெடிகாட் என்கிற குதிரையோடு 23-ஆவது இடம் பிடித்தார். அதற்கு முன் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி, அணிக்கும் வெள்ளி. 1982-க்குப் பிறகு தனிநபர் பதக்கத்துக்கு இந்தியா 36 வருஷம் காத்திருந்தது. முறிந்த எலும்போடு ஏறவில்லை என்பதற்காக அவரை ரகுபீர் சிங்குக்கு ஒரு படி கீழே வைக்க எனக்கு மனம் வராது. அவர் குதிரையின் கால்களும் அதே வேகத்தில்தான் மரத்தை நோக்கிப் போகின்றன.

சென்னையில் இப்போது பிள்ளைகளைக் குதிரையேற்றம் கற்க அனுப்புகிற பெற்றோர் இருக்கிறார்கள். அனுப்புங்கள், நல்ல விளையாட்டு. தாடைப்பட்டி உள்ள ஹெல்மெட் சரியாகப் பொருந்துகிறதா, விழுந்த பிள்ளையை டாக்டர் பார்க்காமல் மறுபடி ஏற்றுகிறார்களா, தாண்டப் பழக்கும் கட்டை கால் பட்டால் கீழே விழுகிறதா என்று மூன்றையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். சிப்காட்டில் வேலை பார்க்கிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மில்லில் ஷியர் பின் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் இருந்தால், நாளைக் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் கழற்றச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள், நகல் ஒன்று உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.